எடிசன்ல இருக்கிற வீட்டுக் கூரைக்கு எந்த டிவி ஆன்டெனா சரிப்படும்

கேபிளை நிறுத்தணும்னு நினைக்கிறவங்க நம்ம நியூஜெர்சி எடிசன், இஸ்லின் பக்கம் நிறைய பேர் இருக்காங்க, தமிழ் சேனலுக்கு ஆப் இருக்கு அது பிரச்சனையே இல்ல, ஆனா லோக்கல் நியூஸ், புயல் வர்றப்போ வானிலை, பசங்களுக்கு பிபிஎஸ்ங்கற பொதுச் சேனல், சூப்பர் பவுல் ஃபுட்பால் மேட்ச் இதெல்லாம் ஃப்ரீயாவே காத்துல வந்துட்டிருக்கு, அதைப் புடிக்க கூரையில ஒரு நல்ல ஆன்டெனா போதும். நல்லதுன்னா எதுங்கறதுலதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க.

மொதல்ல பெட்டி மேல போட்டிருக்கிற மைல் கணக்கைப் பாக்காதீங்க. 200 மைல், 300 மைல்னு போட்டு விக்கிறாங்க, பூமி வளைஞ்சு இருக்கு சார், 60, 70 மைலைத் தாண்டினா டவர் அடிவானத்துக்குக் கீழ போயிடும், எந்த ஆன்டெனா வச்சாலும் தினமும் நம்பிப் பாக்கற மாதிரி வராது. "4கே ஆன்டெனா", "ஹெச்டி ஆன்டெனா"ன்னும் தனியா ஒண்ணும் கெடையாது. புதுசா வர்ற நெக்ஸ்ட்ஜென் டிவி ஒளிபரப்புக்கும் இதே ஆன்டெனாதான், டிவிக்குள்ள சிக்னலைப் படமா மாத்தற டியூனர்தான் வேற.

பாக்க வேண்டியது ஆன்டெனால குறுக்கே நீட்டிட்டிருக்கிற கம்பியோட நீளம். ஏன்னு சொல்றேன். டிவில 4ன்னு காட்டற என்பிசி நிஜத்துல 35வது அலைவரிசைல வருது, 2ன்னு காட்டற சிபிஎஸ் 36ல வருது, இது ரெண்டும் யுஎச்எஃப், அலை நீளம் கம்மி, இதுக்கு 10, 12 இஞ்ச் கம்பி போதும். ஆனா ஏபிசி 7 நிஜமாவே 7லதான் வருது, பிக்ஸ் 11 நிஜமாவே 11, பிபிஎஸ் 13 வர்றது 12ல. இது மூணும் விஎச்எஃப், அலை நீளம் ஜாஸ்தி, கம்பி கிட்டத்தட்ட 30 இஞ்ச் இருக்கணும். நானும் மொதல்ல ஜன்னல்ல ஒட்டற தாள் மாதிரி பிளாட் ஆன்டெனாதான் வாங்கினேன், 2, 4 எல்லாம் கண்ணாடி மாதிரி வந்துச்சு, 7ம் 13ம் கட்டம் கட்டமா உடைஞ்சு உடைஞ்சு போச்சு, டிவிதான் பழுதுன்னு ரெண்டு வாரம் நெனச்சிட்டிருந்தேன். அதனால வாங்கும்போது "ஹை விஎச்எஃப் பிளஸ் யுஎச்எஃப்"னு தெளிவா போட்டிருக்கான்னு பாருங்க, ஹை விஎச்எஃப்னா 7லேர்ந்து 13 வரைக்கும், படத்துல நீளக் கம்பி இருக்கான்னும் ஒரு தடவை பாத்துக்குங்க, சில கம்பெனி சும்மா எழுதிடறாங்க.

இன்னொரு வேலை, வாங்கறதுக்கு முன்னாடி ராபிட்இயர்ஸ் சைட்ல உங்க அட்ரஸைப் போடுங்க. எந்த ஸ்டேஷன், நிஜ அலைவரிசை எது, எந்தத் திசை, சிக்னல் எவ்வளவு, எல்லாம் வரும். எடிசன்லேர்ந்து மன்ஹாட்டன் வடகிழக்கே 25 மைல் சுமாருக்கு இருக்கு, பெரிய ஸ்டேஷன் எல்லாமே எம்பயர் ஸ்டேட்லயும் ஒன் வேர்ல்ட் ட்ரேட்லயும்தான் உக்காந்திருக்கு, ஒரே திசை. அதனால நமக்கு ஒரு நடுத்தர யாகியோ (மீன் முள்ளு மாதிரி கம்பி வரிசையா இருக்கிறது), ஹை விஎச்எஃப் கம்பி சேர்த்த பவ்டையோ (போ டை மாதிரி கம்பி விரிஞ்சு இருக்கிறது) தாராளம், பெருசு வேணாம். பிரிட்ஜ்வாட்டர் மாதிரி வாட்சங் மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிறவங்களுக்குக் கதை வேற, மலை மறைக்கும், அவங்க இன்னும் பெருசாவும் உயரமாவும் போகணும்.

பிலடெல்ஃபியா ஸ்டேஷனும் வேணும்னு சிலர் கேப்பாங்க, ஈகிள்ஸ் ஃபுட்பால் மேட்ச்சுக்காக. அந்த டவரெல்லாம் ராக்ஸ்பரோல, நமக்கு நேர் எதிர்ப்பக்கம் மாதிரி, தூரம் ரெண்டு மடங்கு. அதுலயும் அங்க ஏபிசி 6 நிஜமாவே 6ல வருது, அதுக்குக் கம்பி ஆறடிக்குக் கிட்ட வேணும். ரெண்டு ஆன்டெனாவை சாதா ஸ்ப்ளிட்டர்ல திருப்பி மாட்டி ஒண்ணா சேர்த்தா பல சமயம் ரெண்டும் கெட்டுப்போகும், ஆன்டெனாவைத் திருப்பற மோட்டார், அதான் ரோட்டர், வைங்க இல்லன்னா தனி டியூனர் வைங்க.

பூஸ்டர் பத்தி. இல்லாத சிக்னலை பூஸ்டர் உண்டாக்காது, கேபிள்லயும் ஸ்ப்ளிட்டர்லயும் போற நஷ்டத்தை ஈடுகட்டும், அவ்வளவுதான். ஆன்டெனாலேர்ந்து டிவிக்கு வர்ற ஆர்ஜி6 கேபிள் 100 அடி ஓடினா யுஎச்எஃப்ல அஞ்சாறு டெசிபல் போயிடும், நாலு டிவிக்குப் பிரிச்சா இன்னொரு 7, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் சிக்னல் பாதி. அப்படி நெறைய டிவி இருந்தா போடுங்க, அதுவும் ஆன்டெனா பக்கத்துலயே மேல மாட்டுங்க, டிவி பின்னாடி மாட்டினா இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருசாக்கும். ஒரே டிவின்னா எடிசன்ல பூஸ்டர் இல்லாமலே பாருங்க, போட்டா சிக்னல் ஜாஸ்தியாகி டியூனர் திணறி வந்த சேனலும் போயிடும். பக்கத்துல செல் டவர் இருந்தா மட்டும் செல்போன் சிக்னலைத் தடுக்கற எல்டிஇ ஃபில்டர் ஒண்ணு போடுங்க.

எர்த்திங்கை தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. கம்பத்தையும் கேபிளையும் 10 கேஜ் செம்புக் கம்பில வீட்டோட எர்த்தோட சேர்க்கணும், தனியா ஒரு ராட் அடிச்சு அதோட விட்டா போதாது, அதையும் வீட்டு எர்த்தோட இணைக்கணும். கரன்ட் லைன் பக்கத்துல கம்பம் வேண்டவே வேண்டாம், சாஞ்சா கூட எட்டாத தூரத்துல வைங்க. தனியா ஏணில ஏறாதீங்க, உங்களால முடியலன்னா ஆள் வச்சுப் பண்ணிக்கலாம், அந்தக் காசு பெரிய காசு இல்ல.

எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) விடமாட்டாங்கன்னு நெறைய பேர் பயந்தே விட்டுடறாங்க. 1996லயே எஃப்சிசி (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்) ரூல் போட்டிருக்கு, உங்க சொந்த வீடு, நீங்க மட்டும் பயன்படுத்தற இடம்னா டிவி ஆன்டெனாவைத் தடுக்க முடியாது. காண்டோல, அதாவது அடுக்குமாடில, பொதுக் கூரைக்கு அது பொருந்தாது, உங்க பால்கனில வச்சுக்கலாம். கம்பம் கூரைக்கு மேல 12 அடியைத் தாண்டினா பர்மிட் வாங்கச் சொல்லலாம்.

திருப்பி வைக்கிற வேலை கடைசி. ஊர்ல கொடைக்கானல் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பிட்டு "தெரியுதா, தெரியுதா"ன்னு மொட்டை மாடிலேர்ந்து கத்துவோமே, அப்போ புள்ளி குறைஞ்சுக்கிட்டே வர்றது கண்ணுக்குத் தெரியும். டிஜிட்டல்ல அப்படி இல்ல, வந்தா முழுசா வரும், கொஞ்சம் குறைஞ்சா மொத்தமா போயிடும். அதனால படத்தைப் பாத்துத் திருப்பாதீங்க, டிவி மெனுல சிக்னல் மீட்டர் இருக்கும், 7ல வச்சுட்டு ஒருத்தர் கீழ போன்ல சொல்லச் சொல்ல கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க, மீட்டர் நிலைக்க நாலஞ்சு செகண்ட் விடுங்க. 7, 11, 13 நின்னுட்டா மத்தது பெரும்பாலும் தானா நிக்கும், அப்புறம் டிவில சேனலைத் திரும்பத் தேடற ரீஸ்கேன் ஒண்ணு. முடிஞ்சா இலை நெறைஞ்சு இருக்கிற ஜூன், ஜூலைல இந்த வேலையை வச்சுக்குங்க, குளிர்ல மொட்டை மரத்துக்கு நடுவுல வந்த சிக்னல் இலை வந்ததும் குறையும்.