நின்றுபோன பழைய பென்ஸ் டாஷ்போட் மணிக்கூட்டை ஓட வைப்பது எப்படி

மாரி முழுக்கக் கொட்டிலுக்குள் நின்ற காரைத் தை பிறந்து வெளியே எடுத்தால், பற்றரியைச் சார்ஜ் செய்ததும் எல்லாம் வேலை செய்யும். மணிக்கூடு மட்டும் அசையாது. எனது காரிலும் இதே கதைதான். வீட்டிலேயே திருத்திவிடலாம்.

1960கள், 70களின் பென்ஸ்களில் வரும் கீன்ஸ்லே (Kienzle) நிறுவன மணிக்கூட்டின் உள்ளே ஒரு சின்ன வில் இருக்கிறது. அது தளர்ந்ததும் இரண்டு பொயின்ற்கள், அதாவது மின்சாரம் பாயும் தொடுமுனைகள், தொட்டுக்கொள்ளும். மின்காந்தக் கொயில் ஓர் உதை உதைத்து வில்லை மறுபடி முறுக்கும். இடைக்கிடை கேட்கிற ‘டக்’ அதுதான். பற்றரி இறங்கினால் உதைக்க வலு போதாது. பொயின்ற்கள் தொட்டபடியே நிற்க, கொயில் சூடேறும். அது எரிந்துபோகாமலிருக்க, குறைந்த சூட்டில் உருகும் ஈயத்தால் ஒட்டிய ஒரு பியூஸ் உண்டு. ஈயம் உருகினால் தகடு விலகி மின்சாரம் அறுந்துவிடும். நின்றுபோன மணிக்கூட்டில் பெரும்பாலும் இந்த ஒட்டுத்தான் விட்டிருக்கும்.

பற்றரி வயரைக் கழற்றிவிட்டு மணிக்கூட்டை வெளியே எடுங்கள். விளிம்பு வளையத்தை மொட்டையான சின்ன ஸ்க்ரூ ட்ரைவரால் சுற்றிவரக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் வளைந்துவிடும்.

இப்போது கொயிலின் கையை விரலால் ஒருமுறை தள்ளி விடுங்கள். மணிக்கூடு ஒரு நிமிடமாவது ‘டிக் டிக்’ என்று ஓடினால் இயந்திரம் நல்லது. உடனே நின்றால் பழைய எண்ணெய் இறுகியிருக்கிறது. லைட்டர் பெற்றோலால் கழுவிக் காயவிட்டு, பல்சக்கர அச்சுகளின் முனையில் மட்டும் ஊசி நுனியால் மணிக்கூட்டு எண்ணெய் வையுங்கள். மயிர் போன்ற சுருள் வில்லில் எண்ணெய் படவே கூடாது. டபிள்யூ டி-40 அடிக்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அது பிசுக்கைத்தான் விட்டுவைக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற நமக்கு உப்புக்காற்றால் பொயின்ற்களும் கறுத்திருக்கும். எமரித் தாளால் தேய்க்க வேண்டாம். தடித்த கடதாசியை ஐசோபுரொபைல் அல்ககோலில் நனைத்து இடையில் விட்டு இழுத்தால் போதும்.

அடுத்தது ஒட்டு. இங்கேதான் எனக்கு நேரம் போனது. கராஜில் இருக்கும் சாதாரண ஈயம் 183 பாகை செல்சியஸுக்கு மேல்தான் உருகும். அதற்குள் கொயில் கருகிவிடும். எழுபதிலேயே உருகுகிற வூட் உலோகத்தைச் சிலர் சொல்வார்கள். நமது சித்திரை வெயிலில் கண்ணாடி மூடிய காரின் டாஷ்போட் எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதுவும் சரிவராது. போன் திருத்தும் கடைகளில் பாவிக்கிற பிஸ்மத்-வெள்ளீயப் பேஸ்ட் 138 பாகையில் உருகும். எனது தெரிவு அதுதான்.

பழைய ஈயத்தை முழுதாக வழித்தெடுங்கள். கலந்தால் எந்தச் சூட்டில் உருகும் என்று சொல்ல முடியாது. தகடு வில்லுப்போல் விலகப் பார்க்கும். அதை ஓர் ஈர்க்கால் அழுத்திப் பிடித்து, பொட்டளவு பேஸ்ட் வைத்து, சூட்டுக்கோலைத் தொட்டெடுங்கள். குறடால் பிடித்தால் சூட்டை அது இழுத்துக்கொள்ளும். ஈயம் நன்றாக ஆறும்வரை ஈர்க்கை எடுக்க வேண்டாம்.

முழுச் சார்ஜில் உள்ள பற்றரியில்தான் சோதிக்க வேண்டும். சும்மா நிற்கும்போது 12.6 வோல்ற் காட்டட்டும். வயரைத் தயங்காமல் இறுக்கித் தொடுங்கள். உடனே ‘டக்’ கேட்காவிட்டால் அடுத்த கணமே எடுத்துவிடுங்கள்.

நேரம் சரிப்படுத்துவதற்குப் பொறுமை வேண்டும். மேசையில் ஒருநாள் முழுக்க ஓடவிட்டுப் போனோடு ஒப்பிடுங்கள். பிந்தினால் சீராக்கும் முள்ளை + பக்கம், முந்தினால் − பக்கம், மயிரிழை அளவு நகர்த்தி இன்னொரு நாள் விடுங்கள். குவார்ட்ஸ் இயந்திரம் மாற்றித் தருகிறார்கள்தான். ஆனால் அந்த ‘டக்’ இல்லாத பழைய பென்ஸை எனக்கு ஓட்ட மனமில்லை.

பிற்சேர்க்கை: கல்முனையிலிருந்து ஒருவர் தனது பென்ஸ் W123 மாடலில் இந்தப் பியூஸே இல்லை என்று எழுதியிருந்தார். அது குவார்ட்ஸ், போர்டில் உள்ள கப்பாசிட்டர்களை முதலில் பாருங்கள். திருத்தியது மறுபடி நின்றதாகச் சொன்னவர்களுக்கு: காரை வாரக்கணக்கில் நிறுத்துவதென்றால் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள்.