ரீசேல் டைம்ஷேர் வாங்கும்போது புரோக்கர் இழுத்தடித்தால் என்ன செய்வது

வேலூர் வெயிலுக்குப் பயந்து மே மாதம் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஓடுகிற நம்மில் பலருக்கும் இந்த யோசனை வந்திருக்கும்: டைம்ஷேர் என்கிற ஹாலிடே மெம்பர்ஷிப்பை (வருடத்தில் சில நாள் கம்பெனி ரிசார்ட்டில் தங்கும் உரிமை) கம்பெனியிடம் புதிதாக வாங்கினால் லட்சக்கணக்கில் ஆகிறது, யாரோ வேண்டாமென்று விற்பதை வாங்கிவிட்டால் என்ன? யோசனை தப்பில்லை. சிக்கலெல்லாம் நடுவில் நிற்கிற புரோக்கரிடம்தான். அட்வான்ஸ் போடும் வரை காலையும் மாலையும் கூப்பிடுவார், பணம் போனதும் "ஃபைல் மூவ் ஆயிட்டிருக்கு சார்" என்ற ஒரே பல்லவி. எனக்கு வாய்த்த சென்னை புரோக்கர் வாட்ஸ்அப்பில் நீல டிக்கே விழாதபடி செட்டிங்கை மாற்றிக்கொண்டு மாதக்கணக்கில் ஆட்டம் காட்டினார்.

பணம் தருவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. விற்கிறவரின் போன் நம்பரை புரோக்கரிடம் கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்பார், விடாதீர்கள். விற்கிறவர், நீங்கள், கம்பெனியின் கஸ்டமர் கேர் மூவரும் ஒரே கான்ஃபரன்ஸ் காலில் பேசினால் பாதிப் பொய் அங்கேயே உதிர்ந்துவிடும். மெம்பர்ஷிப் எந்த வருடம் முடிகிறது (25 வருடத் திட்டத்தில் 15 போய்விட்டால் மிச்சம் 10தான்), எந்த சீசன், எத்தனை பேர் தங்கும் அறை, ஆண்டுக் கட்டணம் பாக்கி எவ்வளவு, பெயர் மாற்றத்துக்கு கம்பெனி என்ன வாங்குகிறது, பயன்படுத்தாமல் சேர்ந்து கிடக்கும் நாட்கள் உங்களுக்கு வருமா, எல்லாவற்றையும் விற்கிறவரையே கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சீசன் விஷயத்தில் அசந்துவிடாதீர்கள். கிளப் மஹிந்திரா என்ற ஹாலிடே கம்பெனியில், கூட்டம் அதிகமான சீசனிலிருந்து குறைவானது வரை, பர்ப்பிள், ரெட், ஒயிட், ப்ளூ என்று பிரித்திருப்பார்கள். மலிவாக இருக்கிறதே என்று ப்ளூவை வாங்கிவிட்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளோடு மே மாதம் அறை கேட்டால் கிடைக்காது. ஆண்டுக் கட்டணம் நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்டவேண்டியது, அதன் மேல் ஜிஎஸ்டியும் உண்டு.

அடுத்து பணம். முழுத் தொகையையும் புரோக்கர் கையில் கொடுக்கவே கூடாது. டோக்கனாகச் சின்னத் தொகை, ரசீதோடு. பெயர் மாற்றக் கட்டணம் நேராக கம்பெனி கணக்குக்கு. விலை, விற்கிறவர் கணக்குக்கு, அதுவும் கம்பெனியிடமிருந்து பெயர் மாற்றக் கடிதம் வந்த பிறகு. அவர் பயந்தால் பாதி முன்னால் பாதி பின்னால் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொள்ளலாம். புரோக்கர் கமிஷன் கடைசியில், உங்கள் பெயரில் லாகின் திறந்த பிறகு. இதற்கு ஒத்துக்கொள்ளாத புரோக்கரிடம் வாங்காமல் இருப்பதே லாபம். ஜிபேயில் நம்பரைப் போட்டதும் வருகிற பெயரையும் பாருங்கள், போர்டில் ஒரு நிறுவனப் பெயரும் கணக்கில் யாரோ தனிநபர் பெயரும் இருந்தால் அப்படியே நிறுத்திவிடுங்கள்.

சரி, பணம் ஏற்கெனவே போய்விட்டது, ஆள் போனை எடுக்கவில்லை என்றால்? திரும்பத் திரும்பக் கூப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள், போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே வாசகத்தை அனுப்புங்கள்: "இந்தத் தேதியில் இவ்வளவு ரூபாய் கொடுத்தேன். பெயர் மாற்ற விண்ணப்பம் கம்பெனியில் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, அதன் எண் என்ன? 7 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தரவும்." கோபம், சாபம் எதுவும் வேண்டாம், பின்னால் இதை மூன்றாம் மனிதர் படிக்கப்போகிறார். கையோடு விற்கிறவரையும் கூப்பிடுங்கள். பல நேரம் அவரும் நம்மைப் போலவே காத்துக் கிடப்பார், "வாங்குறவர் இன்னும் பணம் தரல" என்று அவரிடம் கதை விட்டிருப்பார்கள். இருவரும் பேசிக்கொண்டால் புரோக்கர் இல்லாமலேயே கம்பெனியில் படிவம் கொடுத்து வேலையை முடிக்க வழி பிறக்கலாம்.

அதுவும் நடக்கவில்லையென்றால் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள், செலவில்லை. அடுத்து தபாலில் ஒரு நோட்டீஸ், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். புரோக்கர் ஆபீஸ் சென்னையில் இருக்கிறதே, அங்கே அலையவேண்டுமா என்று தயங்கவேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். காட்பாடிக்காரர் வேலூரில் போடலாம். மாவட்டம் பிரிந்ததை மறந்துவிடாதீர்கள், வாலாஜா இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் 2 வருடத்துக்குள் போட்டாகவேண்டும். ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு போங்கள்.

ஆபீஸே பூட்டிக் கிடக்கிறது, நம்பரும் செத்துவிட்டது என்றால் அது சேவைக் குறைபாடு இல்லை, மோசடி. ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்பு இருக்கிறது.