தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இரும்புச்சத்து: வீட்டில் நடக்கும் தவறுகள்

“உன் பாலில் சத்தில்லை, அதான் பிள்ளை வெளுத்திருக்கு” என்று பெற்றவளைக் குறை சொல்வதை முதலில் நிறுத்துவோம். தாய்ப்பாலில் இரும்பு எல்லாருக்குமே கொஞ்சம்தான். லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இருக்காது. நிறைமாதக் குழந்தை வயிற்றிலேயே இரும்பைச் சேர்த்துக்கொண்டுதான் பிறக்கிறது. ஏறத்தாழ ஆறு மாதம் அதை வைத்துச் சமாளித்துவிடும்.

அம்மா முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டால் பாலில் இரும்பு ஏறும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. ஏறாது. ஆனால் பிரசவத்தில் ரத்தம் இழந்த அவள் உடம்புக்கு அதெல்லாம் தேவை, டாக்டர் தந்த இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. பிள்ளைக்கு வேண்டியதைப் பிள்ளைக்குத்தான் ஊட்ட வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை ஏழாம், எட்டாம் மாதங்கள்தான். அப்போதும் பருப்புத் தண்ணீர், ரசம் சாதம் என்றே ஓட்டுகிறார்கள். பருப்பை வேகவைத்து மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்துக் கொடுத்தால் சத்து முழுக்கப் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும். அந்தப் பருப்பையே மசித்து, சோற்றோடு குழைத்து, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஊட்டுங்கள். எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர வைக்கும். அசைவம் சாப்பிடும் வீடென்றால் நன்றாக வேகவைத்து மசித்த ஆட்டிறைச்சியும் ஈரலும் இன்னும் நல்லது. ஈரல் அளவோடு போதும். கேழ்வரகுக் கூழ் நல்ல உணவுதான், ஆனால் அதிலுள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேராது. அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு வயதுக்கு முன் தாய்ப்பாலுக்குப் பதில் பசும்பாலைக் கொடுப்பது இரும்புக் குறைவைக் கூட்டும்.

கொழுகொழுவென்று இருந்தால் ரத்தம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உள்ளங்கையையும் கீழ் இமையின் உள்புறத்தையும் பாருங்கள். வெளுப்பு தெரிவதற்கு வெகுமுன்பே உடம்பிலுள்ள இரும்புக் கையிருப்பு குறைந்திருக்கும் என்பதால், சந்தேகமிருந்தால் ரத்தப் பரிசோதனைதான் வழி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 67% பேருக்கு ரத்தசோகை.

குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த பிள்ளைக்குக் கையிருப்பே குறைவு. அவர்களுக்கு ஆறு மாதம்வரை காத்திருக்க முடியாது. சில வாரங்களிலேயே இரும்புச் சொட்டு மருந்து தேவைப்படலாம், டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். மற்றவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை 1 மி.லி. இரும்பு சிரப் அரசே தருகிறது. அதைக் கொடுத்ததும் மலம் கறுப்பாகப் போகும். பயந்துபோய்ப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், அது இரும்பின் நிறம்தான். பசும்பாலில் கலந்து கொடுக்காதீர்கள். காய்ச்சல் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அப்புறம் பாட்டிலை, உங்கள் மாத்திரைப் பட்டையையும் சேர்த்து, எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். இனிப்பு மிட்டாய் என்று அவற்றை மூத்த பிள்ளை அள்ளி விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.