புளியங்கொட்டை ஓட்டு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் (அக்கம்பக்கத்துப் பெண்களின் சுயஉதவிக் குழு) கூடினால் பேச்சு தமிழில், தாளில் எழுதுவது மலையாளத்தில். "என்ன தொழில் தொடங்கலாம்?" என்று கேட்டால் சத்தமாகப் பேசும் இரண்டு அக்காக்களே முடிவு செய்துவிடுவார்கள். மற்றவர்கள் "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இதற்குப் படமும் புளியங்கொட்டையும் போதும். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு படம் வரையுங்கள்: ஆடு, தையல் மிஷின், ஊறுகாய் பாட்டில். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. படத்துக்கு முன்னால் மூடியில் துளை போட்ட டப்பா. ஆளுக்கு மூன்று கொட்டை. கூட்டத்தில் 20 பேர் என்றால் 60. திறந்த தட்டு வேண்டாம், முதலில் போட்டவரைப் பார்த்தே மற்றவர்களும் போடுவார்கள். மூன்றையும் ஒரே டப்பாவில் போடலாமா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அப்புறம் சண்டைதான்.

எல்லாரும் போட்டதும் கொட்டைகளைத் தரையில் படத்துக்கு நேராக வரிசையாக அடுக்குங்கள். எந்த வரிசை நீளம் என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். அப்படியே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தோடு விட்டுவிடாதீர்கள். அதிகக் கொட்டை விழுந்த யோசனைக்கு எல்லாரையும் கை காட்டச் சொல்லுங்கள். முழுச் சம்மதம் என்றால் ஐந்து விரல், அறவே வேண்டாம் என்றால் மூடிய கை. மூடிய கைக்காரரைத்தான் முதலில் பேசவிட வேண்டும். "ஆடு சரி, மேய்க்க யார் போவது?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வரும்.