மீன்பிடி போட்டுக்கு (படகுக்கு) வீட்டுல ஷெட்டு போடுறீங்களா? நாங்க பண்ண தப்பை நீங்க பண்ணாதீங்க

எங்க வீடு உச்சிப்புளி தாண்டி மண்டபம் போற வழியில. 28 அடி ஃபைபர் போட்டு ஒண்ணு இருக்கு. ஐப்பசி பொறந்து வாடை ஏற ஆரம்பிச்சா போட்டை கரையில விட்டுட்டு வீட்ல தூக்கமே வராது, புயல் பயம் ஒரு பக்கம், இன்ஜினை எவனாவது கழட்டிட்டுப் போயிருவானோங்குற பயம் இன்னொரு பக்கம். அதான் டிரெய்லர்ல ஏத்தி டிராக்டர் வச்சு வீட்டுக்கு இழுத்துட்டு வந்துருவோம்னு வீட்டை ஒட்டி ஷெட்டு கட்டுனோம். காசும் போச்சு, ஒரு வருஷம் நிம்மதியும் போச்சு.

முதல் தப்பு, நிக்கிற போட்டை மட்டும் அளந்தது. டேப்பை அணியத்துல (போட்டு முன்முனையில) வச்சு பின்பக்கம் வரைக்கும் இழுத்து 28ன்னு எழுதி, ரெண்டு பக்கமும் ஒரு ஒரு அடி விட்டு 30 அடி ஷெட்டுன்னு கொத்தனார்ட்ட சொல்லிட்டேன். டிராக்டர்ல மாட்டுற டிரெய்லர் ஹூக்கு அணியத்துக்கு முன்னாடி 2 அடி நீட்டிக்கிட்டு இருக்கும், பின்பக்கம் வெளிய தொங்குற இன்ஜினைத் தூக்கி வச்சா பின்னாடி இன்னும் ரெண்டு ரெண்டரை அடி நீளும், இதுலயே 32 தாண்டிருச்சு. அப்புறம் முன்னாடியும் பின்னாடியும் ஆள் நடந்து வேலை பாக்க 3 அடியாவது வேணும். 38, 40 அடிக்கு கம்மியா 28 அடி போட்டுக்கு ஷெட்டு போடாதீங்க. அகலத்துக்கும் அதே கணக்குதான், போட்டு அகலத்தோட ரெண்டு பக்கமும் 3 அடி.

எங்களை நல்லா அலைய விட்டது ராம்புதான், அதாவது ரோட்டுல இருந்து ஷெட்டு தரைக்கு ஏறுற சரிவு. வீட்டு பேஸ்மட்டம் 2 அடி, சரி அதே மட்டத்துக்கு ஷெட்டு தரையும் இருக்கட்டும், மழைத்தண்ணி ஏறாதுன்னு மேஸ்திரி சொன்னாரு, நானும் தலையாட்டிட்டேன். போட்டு பின்பக்கமா உள்ள போகும், டிராக்டர் வெளிய கீழ நிக்கும். சக்கரம் ராம்புல ஏறி ஷெட்டு தரைக்கு வந்துருச்சு, ஆனா ஹூக்கு இன்னும் ரோட்டு மட்டத்துலதான் இருக்கு, அப்ப என்ன ஆகும்? சீசா பலகை மாதிரி பின்பக்கம் மேல தூக்கும். எங்க டிரெய்லர்ல ஹூக்குல இருந்து சக்கரம் 20 அடி, சக்கரத்துக்குப் பின்னாடி போட்டு 10 அடி. 2 அடி ஏத்தத்துக்கு பின்பக்கம் சாதாரணமா நிக்கிறதை விட முழுசா 1 அடி கூடுதலா தூக்குது. உள்ள வலை வைக்க பரண் வேற போட்டு வச்சிருந்தேன்.

முதல் நாள் ராம்பு ஆரம்பத்துலயே இன்ஜினோட கால் கீழ உரசுச்சு, நிறுத்து நிறுத்துன்னு கத்தி இன்ஜினைத் தூக்கி விட்டோம், தூக்குன இன்ஜின் உள்ள போனதும் பரண்ல டொம்முனு மோதி மேல் மூடி விரிசல் விட்டுருச்சு. இறக்குனா கீழ இடிக்குது, தூக்குனா மேல இடிக்குது. மாமா ஓரமா நின்னு பாத்துட்டு, "மாப்ள, போட்டு நனைஞ்சா என்னடா, அது தண்ணியிலதானே கெடக்குது, அதுக்கு எதுக்குடா வீட்டு மட்டம்?"னு கேட்டாரு. பேச வாய் இல்ல எனக்கு. பேட்டரி, சுவிட்சு, வலை இதெல்லாம் சுவத்துல மேல இருந்தா போதும், தரை ரோட்டை விட அரை அடி உயரம் இருந்தா தாராளம். அப்புறம் பரணை உடைச்சு, தரையைத் தோண்டி இறக்குனோம்.

ஷட்டர் போடுறவங்க இன்னொண்ணு கவனிங்க. லிண்டல் (வாசலுக்கு மேல போடுற கான்கிரீட் விட்டம்) வரைக்கும் அளந்து உயரம் சரியா இருக்குன்னு நினைப்பீங்க, ஷட்டர் சுருண்டு மேல நிக்கிற உருளை வாசல் பக்கமா தொங்குற மாதிரி மாட்டுனா ஒரு அடிக்கு மேல முழுங்கிரும். அதை முதல்லயே ஷட்டர்காரர்ட்ட கேட்டுட்டு லிண்டல் போடுங்க. போட்டு திரும்புற தெரு வளைவையும் ஒரு தடவை டிராக்டரோட ஓட்டிப் பாருங்க, தெருமுனை கரண்ட் கம்பம் நமக்காக நகராது.

உப்பைப் பத்தி நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லணுமா? ஆனா இதுலதான் எல்லாரும் காசு மிச்சம் பிடிக்கிறாங்க. போர் தண்ணி சவுரா (உப்பு கரிச்சு) இருக்கும், அதுலயே கான்கிரீட் கலக்குவாங்க, போதாததுக்கு கடற்கரை மணலையும் கொஞ்சம் சேத்துக்குவாங்க. கம்பி உள்ளயே துரு ஏறி ஊதி கான்கிரீட்டைப் பிளந்துரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல இருக்குற தண்ணி கூடாதுன்னு கான்கிரீட்டுக்கான இந்திய தர விதி ஐ.எஸ். 456 சொல்லுது, கடலோரத்துக்கு எம்30 தர கான்கிரீட்டும் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடுற கான்கிரீட் கனம்) அதுலயே இருக்கு, நேரா கடல் சாரல் அடிக்கிற இடம்னா எம்35, 50 மில்லிமீட்டர். கம்பியை அந்த இடைவெளியில நிறுத்துற கவர் பிளாக் வைக்காம கல்லு துண்டை சொருகுனா பக்கத்துல நின்னு எடுக்க வைங்க. லாரித் தண்ணி வாங்குற காசு பின்னாடி தூணை உடைச்சுக் கட்டுற காசுல கால்வாசி கூட வராது.

வாசலை எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு யாரும் யோசிக்கிறதே இல்ல. வைகாசி, ஆனியில கச்சான் (தென்மேற்கு காத்து) மண்ணை வாரி அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு வாடை. ஒரு பக்கம் தெறந்து மூணு பக்கம் அடைச்ச ஷெட்டுக்குள்ள காத்து புகுந்தா போக வழி இல்லாம கூரையைத்தான் தூக்கும். காத்து வர்ற பக்கம் வாய் வைக்காதீங்க, எதிர் சுவத்துல மேல வெண்டிலேட்டர் விடுங்க. கூரைத் தகட்டுக்கு ஆணி அடிக்காம போல்ட்டு போட்டு முடுக்குங்க.

கீழயும் காத்துப்போக்கு வேணும். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையிலயே தவழும். அதனால சுவத்து அடியில ஜன்னல் மாதிரி ஓட்டை வேணும், பிளக் பாயிண்ட் இடுப்புக்கு மேலதான் இருக்கணும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது வர்ற ஹைட்ரஜன் மேல போகும், அதுக்குத்தான் மேல வெண்டிலேட்டர். ஷட்டரை மூடிட்டு உள்ள இன்ஜினை ஓட விடவே விடாதீங்க, புகை ஆளைக் கொன்னுரும்.

கூரைக்கு மழைத்தண்ணி பிடிக்கிற காடி போட்டு சிண்டெக்ஸ் தொட்டி வைக்க மறந்துட்டோம், ரெண்டாவது வருஷம்தான் வச்சோம். 40க்கு 16 அடி கூரையில 1 சென்டிமீட்டர் மழை பேஞ்சா கிட்டத்தட்ட 600 லிட்டர் நல்ல தண்ணி. இன்ஜின் கழுவ சவுரு தண்ணி ஆகாதே, காசு கொடுத்து வாங்கிட்டு இருந்தோம். கழுவுற தண்ணி ஓட தரைக்கு வாசல் பக்கம் வாட்டம் (லேசான சரிவு) வேணும், அந்த உப்புத் தண்ணி தென்னை வேருக்கும் கிணத்துக்கும் போகாம தனிக் குழி. வாட்டம் இருக்குற தரையில டிரெய்லருக்கு கல்லு முட்டுக் கொடுக்க மறக்காதீங்க.

கடல் ஏத்த மட்டத்துல இருந்து 500 மீட்டருக்குள்ள இடம்னா கட்டுறதுக்கு முன்னாடி கடலோர ஒழுங்குமுறை அனுமதியை விசாரிச்சிருங்க, தூண் எழும்புனப்புறம் விசாரிக்காதீங்க.

போட்டு மாசக்கணக்குல நிக்கும்னா முழு கனத்தையும் டிரெய்லர் கட்டையில விடாம ஏராவுக்கு (போட்டு அடியில நீளமா ஓடுற முதுகெலும்பு) கீழ கட்டை கொடுங்க, இல்லாட்டி அடி அமுங்கிரும். அணியம் கொஞ்சம் உயரமா நிக்கட்டும், பின்னாடி தண்ணி வடியிற ஓட்டையை அடைக்கிற கார்க்கை கழட்டி விட்டா சாரல் தண்ணி தானா வடிஞ்சிரும். கழட்டுன கார்க்கை நான் ஷட்டர் சாவியோட சேத்துக் கட்டிப் போட்டிருக்கேன். மாமா ஒரு தடவை அது இல்லாமலே போட்டை கடல்ல இறக்கிட்டாரு, அதைச் சொன்னா இப்பவும் கோவப்படுவாரு.