தோட்டக்காணியில் தாய்–சேய் வயற்சோதனை

ஆபிரிக்க நாடான மலாவியில் மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரலோடு ஓய்ந்துவிடும். அந்த ஒரு போகத்துச் சோளமே பெரும்பாலான சிறு கமக்காரரின் ஆண்டுச் சாப்பாடு. ஆராய்ச்சி நிலையத்தில் நன்றாக விளைந்த முறை அவர்களுடைய மெலிந்த மண்ணில் கைகொடுக்காததைக் கண்டு, மண்வள ஆய்வாளர் சீக்லிண்டே ஸ்னாப் 1990களின் பிற்பகுதியில் அங்கே வகுத்ததே தாய்–சேய் சோதனை: பொதுவான ஓரிடத்தில் எல்லா முறைகளையும் ஒப்பிடும் பெரிய சோதனை தாய், கமக்காரர் தம் காணிகளில் செய்துபார்க்கும் சிறு சோதனைகள் சேய். யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துச் செம்மண்ணுக்கும் வடமராட்சி கிழக்கின் மணலுக்கும் ஒரே பரிந்துரை பொருந்தாது என்பதால், நம்முடைய கமக்காரர் அமைப்புகளும் மாரிக்கு முன்பே திட்டமிட்டு இதைச் செய்யலாம்.

மலாவியில் பெயரெடுத்த கச்சான் (நிலக்கடலை)–துவரைச் சோடியையே எடுத்துக்கொள்வோம். துவரை முதலிரண்டு மாதங்கள் மிக மெதுவாக வளர்வதால் கச்சானை நிழல் மூடாது. கச்சான் பிடுங்கியபின் துவரை அடிமண் ஈரத்தில் ஓங்கி, உதிர்க்கும் இலையால் அடுத்த பயிருக்கு மண்ணைப் பதப்படுத்தும்.

முதலில், எல்லோரும் வந்து பார்க்கக்கூடிய ஒரு காணியில், விவசாயப் போதனாசிரியரின் மேற்பார்வையில் தாய்ச் சோதனையை அமையுங்கள். தனிக் கச்சான், தனித் துவரை, இரண்டும் கலந்தது, ஊர் வழமைப் பயிர் என நான்கு முறைகளையும் மும்முறை இட்டால் 12 பாத்திகள். ஒவ்வொன்றும் 5 மீற்றருக்கு 4 மீற்றர் என்றால், நடைபாதை நீங்கலாக ஏறக்குறைய ஒரு பரப்பு (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு). எந்தப் பாத்தியில் எந்த முறை என்பதைத் துண்டுச்சீட்டுக் குலுக்கியே தீர்மானியுங்கள். இல்லையேல் கிணற்றடி நல்ல மண் நமக்குப் பிடித்த முறைக்கே போய்ச் சேரும்.

சேய்ச் சோதனை அப்படியல்ல. விரும்பியவர்கள் அந்த நான்கிலிருந்து ஒன்றிரண்டைத் தாமே தெரிந்து, தம் காணியில் ஒருமுறை மாத்திரம், தம் வழமைப் பயிருக்குப் பக்கத்திலேயே இடவேண்டும். பக்கத்துப் பாத்தி இல்லாத சேயால் ஒரு பயனும் இல்லை. தண்ணீர், எரு, களையெடுப்பு எல்லாம் அவரவர் வழக்கப்படியே நடக்கட்டும். சோதனைப் பாத்திக்கு மட்டும் மாப்பிள்ளை உபசாரம் செய்தால் ஒப்பீடு கெட்டுவிடும். களை மூடிப்போன சேயும் ஒரு முடிவுதான், காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அறுவடையில், சுற்றிவர அரை மீற்றர் விட்டு, உள்ளே 4 மீற்றருக்கு 3 மீற்றரில் கிடைத்ததை மட்டும் காயவைத்து நிறுங்கள். அந்தக் கிலோக் கணக்கை 21ஆற் பெருக்கினால் பரப்புக்கான விளைச்சல் வரும். நிறையோடு நின்றுவிடவும் கூடாது. வடமலாவியின் எக்வெண்டேனியில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய பணி, அவரையினப் பயிர்களைப் பிள்ளைகளின் போசாக்கோடு சேர்த்தே பார்த்தது. ஆகவே விளைந்தது சட்டிக்கு வந்ததா, சந்தைக்குப் போனதா என்று வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள்.

வெங்காயக் காணியை மாதக்கணக்கில் துவரைக்கு விட்டுக்கொடுக்க எவரும் விரும்பார் என்பது நியாயமே. நீண்டகால இனத்தைத் தவிர்த்து, குறுகியகால இனத்தையே தேடுங்கள். மலாவியில் அறுவடைக்குப்பின் அவிழ்த்துவிடும் ஆடுகள் நிற்கும் துவரையை மேய்ந்துவிடுவது பெருந்தொல்லை. இங்கும் கச்சான் பிடுங்கிய அன்றே வேலியைச் சுற்றிப் பார்த்துப் பொட்டுகளை அடைத்துவிடுங்கள்.