பேச்சுக்காகப் புகார் வந்தால்: அமெரிக்கப் பேராசிரியர் முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

டென்யூர் எனும் நிரந்தரப் பணி உரிமை கிடைத்துவிட்டால் எதையும் பேசலாம் என்ற நம்பிக்கை பலரைக் கவிழ்த்திருக்கிறது. டென்யூர் காப்பது வேலையை. தக்க காரணமும் விசாரணையும் இல்லாமல் நீக்க முடியாது, அவ்வளவுதான். பேச்சைக் காப்பது வேறு சட்டம்.

முதலில் பார்க்க வேண்டியது, பல்கலைக்கழகம் அரசுடையதா தனியாருடையதா என்பது. தனியார் என்றால், அரசிடமிருந்து பேச்சுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் கைகொடுக்காது. நியமனக் கடிதமும் ஆசிரியர் கையேடும்தான் துணை. அது சின்னத் துணையல்ல. வலைப்பதிவு ஒன்றுக்காக மார்க்வெட் பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்த ஜான் மெக்காடம்ஸ், 2018இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத்தில் வென்றது ஒப்பந்தத்தில் இருந்த கல்விச் சுதந்திர உறுதிமொழியை வைத்துத்தான். நீங்கள் பேசிய நாளில் நடப்பில் இருந்த கையேட்டை இன்றே இறக்கிச் சொந்தக் கணினியில் வையுங்கள். அலுவலக மின்னஞ்சல் எந்த நிமிடமும் முடக்கப்படலாம்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால், எங்கே பேசினீர்கள் என்பது முக்கியம். அலுவல் கடமையாகப் பேசும் அரசு ஊழியருக்கு முதல் திருத்தப் பாதுகாப்பு இல்லை என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டு கார்செட்டி தீர்ப்பு. கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் அது பொருந்துமா என்பதை உச்ச நீதிமன்றம் முடிவு செய்யாமல் விட்டது. நான்கு, ஆறு, ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பொருந்தாது என்றன. வெளியே குடிமகனாக எழுதியது பொது அக்கறைக்குரிய விஷயமானால், பிறர் மனம் புண்பட்டது என்பது மட்டுமே பாதுகாப்பைப் பறித்துவிடாது. ஆனால் பணிக்கு நேர்ந்த இடையூறு எவ்வளவு என்பதையும் நீதிமன்றம் எடைபோடும்.

டீன் 'சும்மா பேசலாம்' என்று அழைத்தால், எந்த விதி, எந்த வாக்கியம், எந்தத் தேதி என்று எழுத்தில் கேளுங்கள். புகாருக்குள்ளான பதிவை அழிக்காதீர்கள், முன்பின் சூழல் போய், அடுத்தவர் எடுத்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் மிஞ்சும். பதற்றத்தில் அனுப்பும் மன்னிப்புக் கடிதம் பிறகு ஒப்புதலாகக் கோப்பில் சேரும். அரசுப் பல்கலைக்கழகத்தில் டென்யூர் உள்ளவரை நீக்குமுன் நோட்டீஸ், ஆதார விளக்கம், பதில் சொல்ல வாய்ப்பு மூன்றும் தந்தாக வேண்டும். இது 1985ஆம் ஆண்டின் லவுடர்மில் தீர்ப்பு.

உங்கள் பழைய ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள்களையும் சரிபாருங்கள், விசாரணை அங்கேயும் திரும்பலாம். கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வார்டு சர்ச்சில் மீது விசாரணை தொடங்கியது 9/11 பற்றிய கட்டுரையால் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு. 2007இல் நீக்கியதோ ஆய்வு முறைகேட்டுக்காக. பேச்சுதான் காரணம் என்று ஜூரி ஏற்றும் இழப்பீடு 1 டாலர், வேலை திரும்பவில்லை.

வழக்குக்கான காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நாள் கணக்கு கடைசி வேலை நாளிலிருந்து அல்ல, முடிவை அறிவித்த நாளிலிருந்தே ஓடும். உள் முறையீடு நிலுவையில் இருந்தாலும் நிற்காது. 1980இல் ரிக்ஸ் வழக்கில் டெலவேர் கல்லூரி ஆசிரியர் தோற்றது இதில்தான். அறிவிப்புக் கடிதத்தின் உறையைக்கூடத் தேதியோடு பத்திரப்படுத்தி, அதே வாரம் வழக்கறிஞரைப் பாருங்கள்.